குளியலறையில் பாட்டும் மின்சாரமும்

குளித்துக்கொண்டே பாட்டுக் கேட்பது இன்று நேற்று வந்த பழக்கமன்று. திருச்சி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பின்னாளில் டிரான்சிஸ்டர் பெட்டிகள் விலை மலிந்து கைக்கு வந்தபோது, நம் தஞ்சை வட்டாரத்து வீடுகளில் அவை கூடத்தோடு நின்றுவிடவில்லை. கொல்லைப்புறத்துக் கிணற்றடிக்கும் வந்து சேர்ந்தன. துவைக்கும் கல்லிலிருந்து சற்றுத் தள்ளி, சுவர் மாடத்திலோ முருங்கைக் கிளையிலோ பெட்டி தொங்கும். உள்ளே நான்கு டார்ச் செல்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். ஆக மொத்தம் ஆறு வோல்ட். அதன்மீது தண்ணீர் தெறித்தால் பெட்டி கெடும். வீட்டுப் பெரியவர்களிடம் வசவு கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றும் நேராது.

இன்று கிணற்றடி போய்விட்டது. குளியலறை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. டிரான்சிஸ்டர் இருந்த இடத்தில் புளூடூத் ஸ்பீக்கர் எனப்படும் கம்பியில்லா ஒலிபெருக்கி வந்திருக்கிறது. கம்பியில்லா ஒலிபெருக்கி என்று பெயரே தவிர, அதற்கும் ஒரு கம்பி உண்டு. சார்ஜ் தீர்ந்தால் அதைச் செருகித்தான் ஆக வேண்டும். மாணவியர் சிலர் நம்மிடம் கேட்ட கேள்வியும் இதைப் பற்றியதே: "சார்ஜ் குறைவாக இருந்தால், குளியலறையில் இருக்கும் பிளக்கிலேயே போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கலாமா?"

கூடாது. ஸ்பீக்கர் உள்ளே போகலாம். அதன் வயர் குளியலறை வாசற்படியைத் தாண்டக் கூடாது. விடை இவ்வளவுதான். ஆனால் 'கூடாது' என்று மட்டும் சொன்னால் பெண்கள் கேட்பதில்லை என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். அருட்சகோதரியருக்கு இன்னும் நன்றாகவே தெரியும். ஆகவே காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது நம் உடலின் வழியே எவ்வளவு பாயும் என்பது உடல் காட்டும் தடையைப் பொறுத்தது. உலர்ந்த தோல் நல்ல காவலாளி. பல ஆயிரம் ஓம் அளவுக்குத் தடை காட்டும். காய்ப்பேறிய உலர்ந்த உள்ளங்கையில் அது ஒரு லட்சம் ஓம் வரைகூடப் போகும். தோல் நனைந்ததும் காவலாளி உறங்கிவிடுகிறான். சோப்பு நீரில் நனைந்த உடலின் தடையை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொள்ளலாம். ஓம் விதியை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண்கள் அறிவார்கள். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர்.

இது பெரிதா, சிறிதா? அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் கொண்டு, கையில் பிடித்த மின்கம்பியை எந்த அளவு மின்னோட்டம் வரையில் தாமே விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசை இறுகிக்கொள்கிறது. விட வேண்டும் என்று மனம் துடித்தாலும் விரல் திறப்பதில்லை. இன்னும் ஏறினால் மூச்சுத் தசைகள் இறுகும். 50 மில்லி ஆம்பியர் அளவில் சில விநாடிகள் பாய்ந்தால் இதயம் தன் தாளத்தை இழந்து வெறுமனே நடுங்கத் தொடங்கக்கூடும். நாம் மேலே கணக்கிட்டதோ 230.

வீடுகளில் இரவு விளக்காகப் போடுவார்களே, 'ஜீரோ வாட்' பல்பு, அதை எண்ணிப் பாருங்கள். பெயர்தான் ஜீரோ, பழைய இழை பல்பு 15 வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். 15-ஐ 230-ஆல் வகுத்தால் 65 மில்லி ஆம்பியர். அந்த மங்கலான வெளிச்சத்துக்கு ஓடும் மின்சாரம் ஒரு மனித இதயத்தை நிறுத்தப் போதும்.

"பியூஸ் இருக்கிறதே, போய்விடாதா?" என்று கேட்கலாம். போகாது. பியூஸும், இப்போது அதற்குப் பதிலாக வைக்கும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பதற்காகப் பிறந்தவை. ஆளைக் காப்பதற்காக அல்ல. விளக்குச் சுற்றில் வைக்கும் 5 ஆம்பியர் பியூஸ், 5 ஆம்பியர் வரையில் எதையும் பொருட்படுத்தாது. ஓர் உயிர் போவதற்கு வேண்டிய மின்னோட்டத்தைப் போல் நூறு மடங்கு அது. வீட்டில் ஒருவர் மின்சாரம் தாக்கி விழுந்து கிடக்கும்போதும் விளக்குகள் எரிந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

இவையெல்லாம் புத்தகக் கணக்கு அல்ல என்பதற்குச் சில நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும்.

தாமஸ் மெர்ட்டன் என்ற துறவியின் பெயரை நம் சகோதரியர் பலரும் அறிவர். அமெரிக்காவில் கெத்செமனி மடத்தைச் சேர்ந்த டிராப்பிஸ்ட் துறவி. உலகெங்கும் வாசிக்கப்பெற்ற நூலாசிரியர். 1968-இல் அவர் ஆசியப் பயணம் மேற்கொண்டு இந்தியாவுக்கு வந்தார். நவம்பர் இறுதியில் சென்னைக்கும் வந்து, அங்கிருந்து இலங்கைக்குச் சென்றார். அடுத்து பாங்காக் அருகே நடந்த துறவியர் மாநாட்டுக்குப் போனார். டிசம்பர் 10-ஆம் நாள் காலையில் உரை நிகழ்த்திவிட்டு, பிற்பகலில் தம் அறைக்கு ஓய்வெடுக்கச் சென்றவர் தரையில் இறந்து கிடந்தார். நிற்கும் மின்விசிறி ஒன்று அவர் உடலின் குறுக்கே விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. விசிறியின் வயரில் பழுது இருந்ததாகக் காவல்துறை அறிக்கை கூறியது. இதயம் நின்றதே காரணம் என்று அதிகாரிகள் எழுதினார்கள். மின்சாரம் முதலில் தாக்கியதா, இதயம் முதலில் நின்றதா என்பதில் பின்னர் கருத்து வேறுபாடுகளும் எழுந்தன. குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து விசிறியைத் தொட்டார் என்பதே பெரும்பாலோர் ஏற்ற விளக்கம். அவருக்கு வயது 53. கெத்செமனி மடத்தில் அவர் நுழைந்ததும் அதே டிசம்பர் 10-ஆம் நாள்தான், 27 ஆண்டுகளுக்கு முன்பு.

இன்னொருவர் பாடகர். பிரான்சு நாட்டின் குளோத் பிரான்சுவா. 'மை வே' என்று ஆங்கிலத்தில் உலகப் புகழ் பெற்ற பாட்டின் பிரெஞ்சு மூலத்தை 1967-இல் மற்ற இருவரோடு சேர்ந்து உருவாக்கியவர். 1978 மார்ச் 11-ஆம் நாள் பாரிசில் தம் வீட்டுக் குளியல் தொட்டியில் நின்றபடி, சுவரில் சற்றுச் சாய்ந்திருந்த விளக்கை நேராக்கக் கை நீட்டினார். 39 வயதில் அந்த நொடியோடு வாழ்வு முடிந்தது. மின்வேலை எதுவும் அவர் செய்யவில்லை. சாய்ந்திருந்ததைச் சரி செய்தார். நாமும் தினம் செய்கிற செயல்தான்.

அவையெல்லாம் பழைய வயரிங் காலம் என்று ஒதுக்கவும் வழியில்லை. 2016 டிசம்பரில் லண்டனில் ஒரு குடும்பத் தலைவர், வெளியே நடையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துவந்து, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த கைப்பேசியோடு குளியல் தொட்டியில் படுத்திருந்து மாண்டார். அடுத்த ஆண்டு, 2017 ஜூலையில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லவிங்டன் என்னும் ஊரில் ஒரு சிறுமி அவ்வாறே இறந்தாள். அவள் வயது 14. அங்கே எக்ஸ்டென்ஷன் வயரின் ஓரிடத்தில் மேலுறை தேய்ந்து உள்கம்பி தெரிந்ததாகக் கண்டார்கள். நம் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயது.

கைப்பேசிக்கும் ஸ்பீக்கருக்கும் இதில் வேற்றுமை இல்லை. இரண்டுக்கும் ஒரே வகை சார்ஜர், ஒரே வகை வயர்.

அந்தச் சார்ஜருக்குள் நடப்பதைச் சிறிது பார்ப்போம். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தப் பெட்டிக்குள் ஒரு பக்கம் 230 வோல்ட் நுழைகிறது. அது முதலில் நேர் மின்னோட்டமாக மாற்றப்பட்டு 300 வோல்ட்டுக்கும் மேலாக நிற்கிறது. பிறகு மிக வேகமாக வெட்டி வெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரின் வழியே அனுப்பப்படுகிறது. மறுபக்கம் 5 வோல்ட் வெளிவருகிறது. இரு பக்கத்துக்கும் இடையே கம்பித் தொடர்பே இராது. காந்தப் புலம் மட்டுமே பாலம். நல்ல சார்ஜரில் இவ்விரு பக்கங்களுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் உறுதியான மின்காப்பும் இருக்கும். தெருவோரத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத சார்ஜரைத் திறந்து பார்த்தால், இந்த இடைவெளி நகக்கண் அளவுகூட இராது. அதற்குள் ஈரமும் தூசியும் சேர்ந்தால், 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 230 வோல்ட்டின் சாயல் வந்து நிற்கும். உலோக உடல் கொண்ட கைப்பேசியைச் சார்ஜில் போட்டபடி தடவும்போது மெல்லிய சுரசுரப்பைச் சிலர் உணர்ந்திருப்பீர்கள். நல்ல சார்ஜரிலும் மிகச் சிறிய கசிவு உண்டு. அது தீங்கு செய்யாத அளவு. ஆனால் இரு பக்கமும் முற்றிலும் துண்டுபட்ட தீவுகள் அல்ல என்பதற்கு அது ஓர் அடையாளம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை. ஆங்கில எழுத்து 'ஆர்' போட்டு, பக்கத்தில் எட்டு இலக்க எண் இருக்கும். மின்னணுப் பொருள்களுக்கு இப்பதிவைக் கட்டாயமாக்கிய ஆணை 2012-இல் வந்தது. சார்ஜர்களும் அதில் அடக்கம். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த ஒரு குறியும் அதன்மேல் காணப்படும். இரட்டைக் காப்பு உடையது, எர்த் தேவையில்லை என்பது அதன் பொருள். இரண்டு குறியும் இருந்தாலும் அது உலர்ந்த இடத்தில் பயன்படுத்தச் செய்த பொருள்தான். ஈரத்தில் அதன் உறுதிமொழி செல்லாது.

நம் ஊரில் உலர்ந்த இடம் என்பதே ஆண்டில் சில மாதம்தான் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பாமணி ஆறு நிரம்பி, ஹரித்ரா நதி தெப்பக்குளம் தளும்பி நிற்கும் நாள்களில் மன்னார்குடிச் சுவர்கள் எல்லாம் ஓதம் ஏறிக் கிடக்கும். தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு ஜாடியில் நீர் கோக்கும். சுவிட்ச் பலகைக்குள்ளும் அதே காற்றுதான் போகிறது. டெல்டாவின் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எர்த் குழிக்கு இது நன்மை. நனைந்த தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்குத் தீமை. தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். நாம் குளிப்பது தூய நீரில் அல்லவே! கடைமடைப் பகுதியில் ஆழ்குழாய் நீரின் உவர்ப்பை நாக்கே சொல்லிவிடும். அந்த உப்புதான் மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. 1937-இல் அங்கே மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது. நமக்கு நீர் தரும் ஆறே மின்சாரமும் தந்தது. வீட்டுக்குள் மட்டும் அவை இரண்டையும் சேரவிடக் கூடாது.

குளியலறையில் மின் இணைப்புகள் எங்கே இருக்கலாம் என்பதற்கு உலக அளவில் விதிகள் உள்ளன. பன்னாட்டு மின் தொழில்நுட்பக் கழகத்தின் விதி, குளியலறையை வளையங்களாகப் பிரிக்கிறது. தொட்டி இல்லாமல் தரையிலேயே நீர் ஊற்றிக் குளிக்கும் அறையானால், நிலையான குழாயிலிருந்து 1.2 மீட்டர் தொலைவும், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரமும் நீர் படும் பகுதி எனக் கொள்ளப்படும். அதற்குள் சாதாரண பிளக் இணைப்பு கூடாது. இங்கிலாந்தில் இன்னும் கடுமை. குளியலறையில் சாதாரண பிளக் பலகையே வைப்பதில்லை. விளக்கைக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்துப் போடுவார்கள். சவரக் கருவிக்கு மட்டும் தனி டிரான்ஸ்பார்மர் பொருத்திய இணைப்பு உண்டு.

இதை நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் குளியலறைகளில் பல ஐந்தடி அகலம், ஏழடி நீளம். ஐந்தடி என்பது ஒன்றரை மீட்டர். குழாயிலிருந்து 1.2 மீட்டரை அளந்தால் எதிர்ச்சுவர் அருகே போய்விடுகிறோம்! போதாக்குறைக்கு நாம் வாளியும் சொம்புமாகக் குளிப்பவர்கள். தலையில் ஊற்றும் சொம்புத் தண்ணீர் நான்கு சுவரிலும் தெறிக்கும். ஆகவே நம் குளியலறை முழுவதுமே நீர் படும் பகுதிதான். அங்கே பிளக் வைக்க இடமே இல்லை என்பது நம் கருத்து. வெந்நீர்க் கீசரின் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். புது வீடு கட்டுவோர் மின்பணியாளரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. சுவர் பூசிய பிறகு சொன்னால் ஆயிரம் காரணம் சொல்வார்கள்.

வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பியைப் பற்றியும் இங்கே ஒரு சொல். ஸ்பீக்கரைப் பற்றி அஞ்சும் வீட்டிலேயே, இதைத் தண்ணீரில் போட்டுவிட்டு "சூடாகிவிட்டதா?" என்று விரல் விட்டுப் பார்ப்பதும் நடக்கிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே வாளியைத் தொட வேண்டும்.

இனி, ஆளைக் காப்பதற்கென்றே பிறந்த கருவியைப் பற்றிச் சொல்வோம். ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் கேட்டால் தருவார்கள்; இ.எல்.சி.பி. என்ற பழைய பெயரும் புழக்கத்தில் உண்டு. அதன் வேலை மிக எளியது. சுற்றுலா போகும்போது பேருந்தில் ஏறும் பெண்களைச் சகோதரி எண்ணுவார், திரும்பும்போதும் எண்ணுவார். நாற்பது பேர் போய் முப்பத்தொன்பது பேர் வந்தால் பேருந்து நகராது. இக்கருவியும் அப்படித்தான். பேஸ் கம்பியின் வழியே போன மின்சாரம் அவ்வளவும் நியூட்ரல் கம்பியின் வழியே திரும்ப வேண்டும். இரு கம்பிகளும் ஓர் இரும்பு வளையத்துக்குள் புகுந்து செல்கின்றன. போவதும் வருவதும் சமமாக இருந்தால் வளையத்தில் காந்தப் புலம் தோன்றாது. ஒரு பகுதி வழிதவறி மனித உடலின் வழியே தரைக்குப் போய்விட்டால், கணக்கு உதைக்கும். வளையத்தில் காந்தம் பிறக்கும். சிறு சுருள் ஒன்றில் மின்சாரம் தோன்றிச் சுவிட்சைத் தட்டிவிடும்.

வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. அவ்வளவு கசிந்தால் விநாடியில் பத்தில் மூன்று பங்கு நேரத்துக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். கசிவு ஐந்து மடங்கானால் நூறில் நான்கு பங்கு நேரமே. இதயம் தாளம் தப்புவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பதே கணக்கு. மேலே சொன்ன டால்சீல் அவர்களே தம் அளவீடுகளின் பயனாக 1961-இல் இவ்வகைக் கருவியை அமைத்தார். அமெரிக்க மின் விதிகள் 1975-இல் குளியலறைகளுக்கு இதைக் கட்டாயமாக்கின.

இக்கருவியின் முகத்தில் 'டி' என்ற எழுத்தோடு ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். 'டக்' என்று விழுந்து மின்சாரம் நின்றால் கருவி விழித்திருக்கிறது. விழாவிட்டால் உறங்குகிறது, மாற்ற வேண்டும். பொருத்திய நாள் முதல் ஒருமுறைகூட அந்தப் பொத்தானைத் தொடாத வீடுகளே மிகுதி என்று அஞ்சுகிறோம். மழைக்காலத்தில் கருவி அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி நேரே இணைத்துவிடுவோரும் உண்டு. கருவி தொல்லை செய்யவில்லை. எங்கோ சுவருக்குள் ஓதம் ஏறிக் கசிகிறது என்று சொல்கிறது. நாய் குரைக்கிறதென்று நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதுபோல் ஆகும் அது.

எல்லாவற்றையும் இக்கருவி காக்கும் என்றும் எண்ணக் கூடாது. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் போன மின்சாரம் முழுவதும் திரும்பிவிடுகிறது. கருவிக்குக் கணக்கு சரியாகவே இருக்கும். இன்வெர்ட்டரும் ஒரு சிக்கல். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபோது நம் வட்டாரத்தில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்ததும், நாள்கணக்கில் இருளில் இருந்ததும் எவருக்கும் மறந்திராது. இப்போது பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தெருவில் மின்சாரம் போனாலும் அது தருவது அதே 230 வோல்ட்தான். இன்வெர்ட்டரிலிருந்து போகும் சுற்றும் ஓர் ஆர்.சி.சி.பி. வழியாகப் போகிறதா என்று மின்பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் அந்தச் சுற்றைக் காப்பில்லாமல் விட்டிருப்பார்கள். குளியலறை விளக்கும் அதில்தான் இருக்கும்.

இவ்வளவும் வயரைப் பற்றிய பேச்சு. வயரில்லாத ஸ்பீக்கர் ஏன் ஆபத்தில்லை? அதற்குள் இருப்பது ஒரு லித்தியம் மின்கலம், 3.7 வோல்ட். இரண்டு கலம் வைத்ததானால் ஏழரை வோல்ட் அளவு. பழைய டிரான்சிஸ்டரின் ஆறு வோல்ட்டுக்கு நாம் சுற்றிவந்துவிட்டோம். மின்கலத்திலிருந்து புறப்படும் மின்சாரத்துக்குத் தரையோடு எந்த உறவும் இல்லை. தன் மறுமுனைக்குத் திரும்பவே அது வழி தேடும். ஈரக் கையில் எடுத்தாலும், வாளிக்குள் விழுந்தாலும் நம்மை அது ஒன்றும் செய்யாது. கெடுவது ஸ்பீக்கர் மட்டுமே.

அதையும் கெடாமல் காக்க விரும்புவோர், பெட்டியின்மேல் ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின்னுள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ.பி.எக்ஸ். 4 என்றால் எப்பக்கமிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். சொம்புக் குளியலுக்கு 4 போதும். இச்சோதனைகள் நல்ல நீரில் நடத்தப்படுபவை. சோப்பு நீரையும் வெந்நீர் ஆவியையும் அவை கணக்கில் கொள்வதில்லை. ஆவி, துளியைவிடப் பொல்லாதது. துளி நுழையாத இடுக்கில் ஆவி நுழைந்து, உள்ளே குளிர்ந்து நீராகிவிடும். எனவே கீசர் வைத்துக் கதவை அடைத்துக் குளிப்பவர்கள் காற்றுப் போக்கியைத் திறந்து வைத்து, ஸ்பீக்கரையும் எட்டத்தில் உயரமாக வைக்க வேண்டும்.

குளித்து முடித்ததும் நேரே சார்ஜில் போடுவதுதான் பலரும் செய்வது. சார்ஜ் துளையில் ஒரு சொட்டு நீர் இருந்தாலும், 5 வோல்ட் பாயும்போது அங்குள்ள உலோகத் தகடுகள் அரிக்கப்பட்டுப் பச்சை பூக்கும், வயர் சூடேறும். உலர்ந்த துணியால் துடைத்து, துளையின் ரப்பர் மூடியைத் திறந்து, கீழ்நோக்கிச் சில மணி நேரம் வைத்தபின் சார்ஜ் போட வேண்டும். மழைக்காலத்தில் கூடத்து மின்விசிறியின் கீழ் வைக்கலாம். வெயிலில் காய வைப்பதும் அடுப்பருகே வைப்பதும் லித்தியம் கலத்துக்கு ஆகாது. 45 பாகைக்கு மேல் சூடாக இருக்கும்போது அதைச் சார்ஜ் செய்வதும் கெடுதல்.

சார்ஜ் போடுவதற்குப் படுக்கை அறையிலோ கூடத்திலோ ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டால் சிக்கல் பாதி தீரும். இரவில் போட்டு வைத்தால் காலைக் குளியலுக்குத் தயார். ஒரு தடவை சார்ஜ் செய்தால் பல மணி நேரம் பாடும் ஸ்பீக்கரை, பத்து நிமிடக் குளியலுக்காக வயரோடு உள்ளே கொண்டுபோக வேண்டிய தேவையே எழாது. கைப்பேசியும் வெளியிலேயே இருக்கலாம். புளூடூத் அலைகள் ஒரு சுவரைத் தாண்டி வரும். பாட்டு விட்டுவிட்டு வந்தால் கதவருகே ஒரு முக்காலி போட்டு அதன்மேல் கைப்பேசியை வையுங்கள். விடுதியில் தங்கும் பெண்களுக்கு இதைவிட எளிய வழி ஒன்றுண்டு: பாட்டுக் கேட்காமல் சீக்கிரம் குளித்துவிட்டு வெளியே வருவது. வரிசையில் வாளியோடு நிற்பவர்கள் வாழ்த்துவார்கள்!

குளியலறைக்கு நிலையான ஒலிபெருக்கி வேண்டும் என்று விரும்புவோரும் இருக்கிறார்கள். அவர்கள் கூரையில் ஒலிபெருக்கியை மட்டும் பதித்து, அதை இயக்கும் பெருக்கியையும் மின் இணைப்பையும் வெளி அறையில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே வருவது மெல்லிய ஒலிக் கம்பி மட்டுமே. நீர் நிற்கும் பகுதிக்குள் 12 வோல்ட்டுக்கு மேற்பட்ட மாறு மின்னோட்டம் வரக் கூடாது என்பது விதி. அந்த 12 வோல்ட்டைத் தரும் டிரான்ஸ்பார்மரும் அறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். இதற்குத் தேர்ந்த மின்பணியாளர் தேவை.

ஒருவேளை வீட்டிலோ விடுதியிலோ யாருக்கேனும் மின்சாரம் தாக்கிவிட்டால், ஓடிப்போய் அவரைத் தூக்குவதே முதலில் தோன்றும். அதைச் செய்தால் இருவர் விழுவர். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அதை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். அணைக்க முடியாத இடமானால், உலர்ந்த பலகையின்மேல் நின்று, உலர்ந்த மரக்கழியால் வயரை அவரிடமிருந்து விலக்க வேண்டும். ஈரக் கழி கூடாது. பிறகு 108-ஐ அழைத்துவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. கை ஓய்ந்தால் அடுத்தவர் தொடர வேண்டும். இளையோர் செஞ்சிலுவைச் சங்கப் பயிற்சி பெற்ற பெண்கள் இதை வீட்டில் ஒரு தலையணையை வைத்துத் தம் அன்னையருக்கும் காட்டலாம். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொல்பவரையும் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் சென்று இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்துவிட வேண்டும். தாளம் தப்பியது சில மணி நேரம் கழித்துத் தெரிய வருவதும் உண்டு.